வெண்மீனே

நெவிலுக்கு வெப்பக்கலன் பழுதுபார்க்கும் வேலை.
கிரிம்ஸ்பியில் பாதி வீட்டுக் குழாய்கள் அவனுக்குப் பழக்கம்,
முனகலைக் கேட்டே நோயைச் சொல்வான்.
மீதி நேரத்தில்
நல்ல பாட்டுகளைக் கெடுப்பான்.

எனக்கு அவனைவிட மூத்த உறவு
ஒரு பாட்டோடு.
எழுபத்து நான்காம் வருஷம். பதினேழு வயது.
தலையணைக்கு அடியில் ரேடியோ,
ரேடியோவுக்குள் தகரப் புறாக்கள் குழு:

   விண்மீனே விண்மீனே, விழித்திரு இன்றிரவு
   நெஞ்செல்லாம் தீ எனக்கு, நீதானே என் உறவு

கிட்டார் அழத் தொடங்கும் இடத்தில்
என் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.
துறைமுகத்துக்குப் போன லாரியாக இருக்கும்
என்பான் நெவில்.

கல்யாணமாகி மூன்றாவது வெள்ளிக்கிழமை.
மீன் பொட்டலத்தைப் பிரித்தான், ஆவி முகத்தில் அடித்தது.
வினிகர் பாட்டிலை மைக்காகப் பிடித்தான்:

   வெண்மீனே வெண்மீனே, பொரிந்திரு இன்றிரவு
   நெஞ்செல்லாம் டீ எனக்கு, நீ இடித்ததன் வரவு

ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து.
வி போனது, வெ வந்தது,
என் வானத்தில் இருந்ததெல்லாம்
எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது.

சிரித்துத் தொலைத்தேன்.
அதுதான் நான் செய்த தப்பு.

அதன்பின் நாற்பத்தைந்து வருஷம்.
‘காத்திருப்பேன் கதவருகே காலமெல்லாம் கண்ணே’
என்று எவனோ உருகிப் பாடியது
எங்கள் வீட்டு மாடிப்படியில்
‘காத்திருப்பேன் கழிவறைக்கே காலையெல்லாம் பெண்ணே’.
கேஸ் கம்பெனிக் கடிதம் வந்த அன்று
‘உன் பில்லைப் பார்த்த பின்பு உருகியதென் இல்லம்’.
திங்கள்தோறும் ஊமை நண்டு மதுக்கடையில்
தபால்கார ஹோரஸ் ப்ளெங்கினோடு போட்டி.
ஓசை சாகக் கூடாது,
பொருள் பிழைக்கக் கூடாது:
இவ்வளவுதான் சட்டம்.
தேவாலயப் பாட்டிலும் கை வைத்தான் ஒருமுறை.
பாதிரியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
அதற்காகவே வெளியேற்றினார்.

போன அக்டோபரில்
கிளீதார்ப்ஸ் கடற்பாலத்து அரங்குக்குத் தகரப் புறாக்கள் வந்தார்கள்.
ஐவரில் மிச்சம் இருவர்.
நெவிலுக்கு முழங்கால் அறுவை, அசைய முடியாது.
அடுத்த டிக்கெட்டை யாருக்கும் தரவில்லை நான்,
அந்த நாற்காலியில் என் கோட்டை உட்காரவைத்தேன்.
ஒரே ஒரு தரம்,
என் பாட்டை அசலாகக் கேட்க வேண்டும்.

லெனாக்ஸ் வேட். வயது எழுபத்தாறு.
தோல் கால்சட்டை, அதற்குள் நிதானமாக நடக்கும் கால்கள்.
கிட்டார் அழுதது.
லாரி எதுவும் போகவில்லை, சாட்சி சொல்வேன்,
ஆனாலும் ஏதோ நடுங்கியது.
பல்லவி வந்ததும் அந்தப் பாவி மனிதர்
தான் பாடாமல்
மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார்.

முன்வரிசை முழுக்க
நெவில் குழாய் பார்த்த வீட்டுக்காரர்கள்.
மூன்றாவதாக ஹோரஸ்.
ஒரே குரலில்: வெண்மீனே, வெண்மீனே.
நான் அசல் சொல்லைத் தேடி
வாயைத் திறந்தேன்.
மீன்தான் வந்தது.

லெனாக்ஸ் நிறுத்தினார். காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.
‘இன்னொரு தரம்’ என்றார்.
பாடினோம். பொரிந்திரு வரைக்கும் பாடினோம்.
‘ஐம்பது வருஷமாய் இதைப் பாடுகிறேன்,
இன்றைக்குத்தான் பசிக்கிறது.’

வீட்டில் நெவில்,
ஸ்டூல்மேல் காலை நீட்டி, தூங்காமல்.
‘ஒழுங்காகப் பாடினானா?’
ஒரு சொல்கூட மாறவில்லை என்றேன்.
‘நெஞ்செல்லாம்?’
‘தீ’ என்றேன்.

அவன் காதில் எப்படி விழுந்ததோ,
நொண்டிக்கொண்டே எழுந்துபோய்
கெட்டிலில் தண்ணீர் பிடித்தான்.